சோலார் வீட்டுப் பற்றரிக்கு மாரிக்கால ஜெனரேட்டர்: எந்த அளவு, பெற்றோலா டீசலா?

வயலோரம் (வெல்லாவெளி)

எல்லாருக்கும் வணக்கம். வெல்லாவெளிக்கு உள்ளால வயலோட சேர்ந்த வீடு. மின்சார சபைக் கம்பி கடைசியா நிக்கிற இடத்தில இருந்து 2 கிலோமீற்றருக்குக் கிட்ட. அதால முழுக்க சோலார்தான். இருக்கிற சாமான் இவ்வளவு:

550 வோட் பனல் 6, எல்லாம் ஒரே தொடர். 48 வோல்ட் 5 கிலோவோட் ஹைபிரிட் இன்வெர்ட்டர் (பனல், பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக்கிறது), அதுக்குள்ள இருக்கிற ஏசி சார்ஜர் (ஜெனரேட்டர் கரண்டால பற்றரியை ஏத்துறது) 80 அம்பியர் வரைக்கும் எண்டு போட்டிருக்கு. 51.2 வோல்ட், 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரி 2. ஒரு நாள் செலவு 5 தொடக்கம் 6 யூனிட்: பிரிட்ஜ், மூண்டு ஃபேன், லைட், ரிவி, 1 குதிரைவலுக் கிணத்து மோட்டர் அரை மணித்தியாலம்.

கோடையில மத்தியானத்துக்குள்ள பற்றரி நிறைஞ்சிடும். பிரச்சினை கார்த்திகை, மார்கழி, தை. நாலைஞ்சு நாள் அடைமழை பிடிச்சா மூண்டாம் நாள் விடியப்புறம் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்குது.

கடைகளில மூண்டு விதமாச் சொல்றாங்க. ஒண்டு, 3 கிலோவோட் எண்டு எழுதின சாதாரண பெற்றோல் ஜெனரேட்டர், 208 சிசி. ரெண்டு, 5 கேவிஏ "சைலன்ட்" டீசல் பெட்டி. மூண்டு, ஜப்பான் ரீகண்டிஷன் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், 2.8 கேவிஏ, சத்தமே இல்ல. எதை எடுக்கிறது?

இன்னொண்டும் இருக்கு. இரவல் ஜெனரேட்டர் ஒண்டை இன்வெர்ட்டருக்குக் குடுத்தா வயர் எல்லாம் சரி, திரையில 230 வோல்ட் காட்டுது, ஆனா பற்றரிக்கு ஒரு அம்பியரும் ஏறேல்ல. ஜெனரேட்டர் பிழையா, இன்வெர்ட்டர் பிழையா?

---

செப்புக்கம்பி

தம்பி, கடையில இருந்து தொடங்காம பற்றரியில இருந்து தொடங்குங்க. எத்தனை அம்பியரில ஏத்தப் போறீங்க எண்டு முடிவெடுத்தா ஜெனரேட்டர் தானா வந்து நிக்கும்.

ரெண்டு பற்றரியும் சேர்ந்து 10.24 யூனிட். 25 வீதத்துக்கு இறங்கினாப் பிறகு ஸ்டார்ட் பண்ணி 80 வீதத்தில நிப்பாட்டுறதெண்டு வைப்பம். ஏத்த வேண்டியது 5.6 யூனிட். 40 அம்பியரில, 53 வோல்ட் கணக்கில, 2.1 கிலோவோட் பற்றரிக்குள்ள போகும். 2 மணித்தியாலம் 40 நிமிசம் ஓட்டினாக் காணும். சார்ஜரில பத்து வீதம் சூடாப் போகும், அப்ப ஜெனரேட்டரில இருந்து இழுக்கிறது 2.35 கிலோவோட். அந்த நேரம் வீட்டு லோட்டும் ஜெனரேட்டரிலதான் நிக்கும், பிரிட்ஜும் ஃபேனும் ரிவியும் 300 வோட். மொத்தம் 2.65 கிலோவோட், இடைவிடாம.

கெட்டுப் போற ஜெனரேட்டரில பாதி இந்த "இடைவிடாம" எண்ட சொல்லை மறந்ததாலதான் கெடுது. மோட்டர் ஒண்டை ஸ்டார்ட் பண்ணி விடுறது வேற, மூண்டு மணித்தியாலம் ஒரே லோட்டைச் சுமக்கிறது வேற. எழுதியிருக்கிற "மக்ஸ்" அளவைத் தள்ளிப்போடுங்க, "ரேட்டட்" (தொடர்ந்து தரலாம் எண்டு போட்ட) அளவில 75 வீதத்தை எடுங்க. 2.65 ஐ 0.75 ஆல வகுத்தா 3.5 கிலோவோட். 40 அம்பியர் வேணுமெண்டா தேட வேண்டியது அதுதான்.

தகட்டில எழுதியிருக்கிறதையும் அப்படியே நம்ப வேணாம். சிசியைப் பாருங்க. 196 தொடக்கம் 212 சிசி எஞ்சினில 6.5, 7 குதிரைவலு எண்டு ஸ்டிக்கர் இருக்கும். அது நிமிசத்துக்கு 3600 சுற்றில எடுத்த கணக்கு. நம்மட 50 ஹேர்ட்ஸுக்கு அது 3000 சுற்றில ஓடும். அதில தொடர்ந்து எடுக்கக்கூடியது 2 கிலோவோட், நல்ல எஞ்சினெண்டா 2.2. 270 தொடக்கம் 300 சிசி வரைக்கும் 3 கிலோவோட்டை ஒட்டி வரும். 389 தொடக்கம் 420 சிசி எண்டா 4.5 சும்மா இழுக்கும். பெட்டியில பெரிசா "6500" எண்டு இருந்தா அது மொடல் இலக்கம், வோட் இல்ல. உள்ள சுத்தின கம்பி அலுமினியமா செம்பா எண்டு கடைக்காரர் சொல்றதை விட நிறையைப் பாருங்க. ஒரே அளவு எழுதின ரெண்டில ஒண்டு பத்துக் கிலோ குறையுதெண்டா குறைஞ்சது எங்க எண்டு சொல்லத் தேவையில்ல.

இதுக்காக 208 சிசி உங்களுக்குச் சரிவராது எண்டு இல்ல. இன்வெர்ட்டரில ஏசி சார்ஜை 20 அம்பியருக்கோ 30 அம்பியருக்கோ இறக்கலாம். 25 கணக்கில பாத்தா 1.5 கிலோவோட்டும் வீட்டு லோட் 0.3 உம், மொத்தம் 1.8. ஓட வேண்டிய நேரம் 4 மணித்தியாலம் 15 நிமிசம். எரிபொருளில பெரிய வித்தியாசம் வராது. நல்ல லோட்டில ஓடுற சின்னப் பெற்றோல் எஞ்சின் ஒரு யூனிட்டுக்கு அரை லீற்றர் கணக்கில குடிக்கும். 40 அம்பியரில ஒரு ஓட்டத்துக்கு 3.5 லீற்றர், 25 இல 3.7 லீற்றர். பெரிசை வாங்கினா மிஞ்சுறது ஒண்டரை மணித்தியாலச் சத்தம் மட்டும்தான். மறுபக்கம், 420 சிசியை வாங்கி 20 அம்பியரில ஓட்டினா ஒரு யூனிட்டுக்கு ஒரு லீற்றரும் போகும்.

கிணத்து மோட்டர்: 1 குதிரைவலு ஓடேக்க 1.1 கிலோவோட், ஸ்டார்ட் ஆகேக்க நாலைஞ்சு மடங்கு கரண்ட் இழுக்கும். ஜெனரேட்டர் ஓடுற நேரம் இன்வெர்ட்டர் வீட்டு லோட்டை நேரா ஜெனரேட்டருக்குத் தள்ளிவிடும், அந்த உதை எஞ்சினுக்குத்தான் விழும். சுற்று இறங்கி, ஹேர்ட்ஸ் விழுந்து, இன்வெர்ட்டர் பயந்து ஜெனரேட்டரைக் கழட்டிவிடும். சார்ஜ் ஏறுற நேரம் மோட்டரைப் போடாதீங்க. தண்ணித் தாங்கியை முன்னமே நிரப்பி வச்சுக்கொள்ளுங்க.

ஜப்பான் ரீகண்டிஷன் பெட்டி: வாங்க முன்னம் பின்பக்கத் தகட்டைப் படிங்க. ஜப்பான் உள்ளூர்ச் சாமான் 100 வோல்ட். 50, 60 எண்டு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அது ஹேர்ட்ஸுக்கு. 230 வோல்ட்டுக்கு இல்ல. 2.8 கேவிஏ எண்டா 100 வோல்ட்டில 28 அம்பியர். அதை 230 ஆக்க 3 கேவிஏ டிரான்ஸ்போமர் தனியா வாங்கோணும், அது பாரம், சூடு, 5 வீதம் போல நட்டம். 230 வோல்ட்டுக்கெண்டே செய்த இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் கிடைச்சா அதுதான் உங்கட மூண்டு தெரிவிலயும் நல்லது. அலை சுத்தமா இருக்கும், லோட் மாறினாலும் ஹேர்ட்ஸ் அசையாது. விலைதான் கழுத்தைப் பிடிக்கும், போர்ட் பழுதானா உள்ளூரில திருத்துறதும் கஷ்டம்.

---

டீசல்_காக்கா (அக்கரைப்பற்று)

செப்புக்கம்பி சொன்ன கணக்கு சரி. டீசல் பக்கத்தை நான் சொல்றன்.

ஒரு மாரிக்கு எத்தின மணித்தியாலம் ஓடும் எண்டு முதல்ல பாருங்க. மூண்டு மாசத்தில முப்பது தரம் ஸ்டார்ட் பண்ணினாலும் 80 மணித்தியாலம், நூறு லீற்றர் பெற்றோல். வருசத்துக்கு 80 மணித்தியாலத்துக்கு 150 கிலோவுக்கு மேல பாரமான டீசல் பெட்டி வாங்குறது காசைக் கிடப்பில போடுறதுதான். டீசல் ஒரு யூனிட்டுக்கு 0.4 லீற்றர் போலதான் குடிக்கும், மெய்தான். ஆனா வாங்குற விலை வித்தியாசம் திரும்பி வர வருசத்துக்கு முந்நூறு நானூறு மணித்தியாலமாவது ஓடோணும். "சைலன்ட்" எண்டதும் கடைப் பேச்சுதான். காத்துக் குளிர்ச்சியில 3000 சுற்றில ஓடுற ஒத்தைச் சிலிண்டர் டீசல் பெட்டிக்குள்ள இருந்தாலும் சத்தம் போடும், மூடின பெட்டியெண்டதால சூடும் கூட.

டீசல் எடுக்கிறதா இருந்தா லோட் குறையாம பாத்துக்கொள்ளுங்க. கொள்ளளவில மூண்டில ஒரு பங்குக்குக் கீழ நாள்க்கணக்கில ஓட்டினா எரியாத எண்ணெய் சைலன்சரால கறுப்பாக் கசியும், இன்ஜெக்டர் முனையில கரி பிடிக்கும், பிறகு ஸ்டார்ட் எடுக்காது. உங்கட 2.65 கிலோவோட் ஒரு 5 கேவிஏக்குப் பொருத்தமான லோட்தான். 20 அம்பியருக்கு இறக்கி வைக்கிற யோசனை மட்டும் டீசலுக்கு வேணாம்.

இப்ப அசல் விசயம். வயலோட சேர்ந்த வீடெண்டு சொல்றீங்க. வளவில லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) நிக்குதா? நிண்டா டீசல் எஞ்சின் ஏற்கெனவே உங்கட கையில இருக்கு. இனி வேண்டியது எஸ்டி வகை ஒத்தைப் பேஸ் டைனமோத் தலை (எஞ்சின் இல்லாம, கரண்ட் எடுக்கிற பாகம் மட்டும்), 5 கிலோவோட், 1500 சுற்று, பெல்ட்டால சுத்துறது. எஞ்சினை 1800 சுற்றில நிப்பாட்டி ஓட்டுறதெண்டா, எஞ்சின் புளி (பெல்ட் ஓடுற சில்லு) 6 அங்குலம் எண்டு வச்சா, தலைக்கு 6 ஐ 1800 ஆல பெருக்கி 1500 ஆல வகுக்கோணும், 7.2 அங்குலம். பெல்ட் ரெண்டு மூண்டு வீதம் வழுக்கும், அதால 7 அங்குலப் புளி போடுங்க. பி அளவு பெல்ட் ரெண்டு. ஒத்தைப் பெல்ட் 2.5 கிலோவோட்டில வழுக்கி மணக்கத் தொடங்கும். கியர்ப்பெட்டிக்குப் போற பெல்ட்டைக் கழட்டிட்டுத்தான் இதைப் போடோணும். எஞ்சினையும் தலையையும் ஒரே இரும்புச் சட்டத்தில முடுக்குங்க. மண்ணில முளை அடிச்சு நிப்பாட்டினா மழைக்கு மண் இளகி, பெல்ட் தொய்ஞ்சு, வோல்ட் ஏறி இறங்கும். பெல்ட்டுக்கு மறைப்பு கட்டாயம், சாரத்தோட கிட்டப் போற இடம்.

இதில ஒரு குறை இருக்கு. எஸ்டி தலை தாற அலை அழுக்கு. ஹேர்ட்ஸும் எஞ்சின் கவர்னர் (சுற்றைக் கட்டுப்படுத்துறது) போற போக்கில போகும். ஹைபிரிட் இன்வெர்ட்டர் இதை ஏத்துக்கொள்ளும் எண்டு உறுதி சொல்ல மாட்டன். தனிச் சார்ஜர் போட்டா ஏத்துக்கொள்ளும். அதை யாராவது விளக்கமாச் சொல்லுங்க.

---

மீற்றர்முள்

முதல்ல வயலோரத்தின்ர ரெண்டாவது கேள்வி, ஏன் சார்ஜ் ஏறேல்ல எண்டது. ஜெனரேட்டரில பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. இலங்கையில விக்கிற 5 கிலோவோட் ஹைபிரிட்களில பெரும்பான்மையில மெனு இலக்கம் ஒரே மாதிரித்தான் வரும். உங்கட கைநூலோட ஒருக்கா ஒத்துப் பாத்துக்கொண்டு இதுகளைப் பாருங்க.

மெனு 01, அவுட்புட் முன்னுரிமை. சோலார்காரர் எல்லாரும் எஸ்பியூ (முதல்ல சோலார், பிறகு பற்றரி, கடைசியா ஏசி) எண்டு போட்டுவிட்டுப் போவாங்க. எஸ்பியூவில, பற்றரி வோல்ட் மெனு 12 இல போட்ட அளவுக்கு இறங்கும் வரைக்கும் இன்வெர்ட்டர் பற்றரியிலயே நிக்கும். பற்றரியில நிக்கேக்க சோலார் மட்டும்தான் சார்ஜ் ஏத்தலாம், ஏசி சார்ஜர் வேலை செய்யாது. அதாலதான் திரையில 230 காட்டியும் அம்பியர் பூச்சியம். உங்கட வீட்டில சபைக் கரண்ட் இல்ல, ஏசி வாசலில எப்பவாவது வாறது ஜெனரேட்டர் மட்டும். அப்ப 01 ஐ யூடிஐ (ஏசி வந்தா முதலிடம் அதுக்கு) எண்டு நிரந்தரமா வச்சிடலாம். சில மொடலில அதுக்குப் பேர் யூஎஸ்பி. ஜெனரேட்டர் இல்லாத நேரம் அது வழமை போல சோலாரிலயும் பற்றரியிலயும் ஓடும்.

மெனு 16, சார்ஜ் எங்கயிருந்து. சிஎஸ்ஓவில இருந்தா சோலாரில துளி வந்தாலும் ஜெனரேட்டர் ஏத்தாது. மழைநாள் பகல் பத்து மணிக்கு பனலில இருந்து அரை அம்பியர் வந்துகொண்டிருக்கும், நீங்க பெற்றோலைச் சும்மா எரிச்சுக்கொண்டிருப்பீங்க. ஓஎஸ்ஓவில இருந்தா எப்பவுமே ஏத்தாது. எஸ்என்யூ போடுங்க, ரெண்டும் சேர்ந்து ஏத்தும்.

மெனு 11, ஏசியில இருந்து ஏத்துற உச்ச அம்பியர். செப்புக்கம்பி சொன்ன 20, 30, 40 எல்லாம் இங்கதான். மெனு 02 மொத்த சார்ஜ், அதைத் தொட வேணாம். 11 ஐ 80 இல விட்டுட்டு 208 சிசியைக் குடுத்தா எஞ்சின் ஒருக்கா முக்கி நிண்டுடும்.

மெனு 03, ஏசி வோல்ட் எல்லை. யூபிஎஸ் எண்டு இருந்தா 170 தொடக்கம் 280 வோல்ட், ஏபிஎல் எண்டு இருந்தா 90 தொடக்கம் 280. சாதாரண ஜெனரேட்டருக்கு ஏபிஎல். ஆனா ஏபிஎல்லில கெட்ட வோல்ட்டும் வீட்டுக்குள்ள அப்படியே போகும் எண்டதையும் மறக்கக்கூடாது. 180 வோல்ட்டில பிரிட்ஜ் கொம்பிரசர் ஸ்டார்ட் எடுக்க முடியாம முனகிக்கொண்டிருக்கிறது அதுக்கு நல்லதில்ல.

இனித் தனிச் சார்ஜர். காக்கா கேட்டது மிகச் சரியான கேள்வி. ஜெனரேட்டரை இன்வெர்ட்டருக்குக் குடுக்காம, 48 வோல்ட் சார்ஜர் ஒண்டுக்குக் குடுத்து, அதின்ர டிசியை நேரா பற்றரி பஸ்பாருக்கு (பற்றரி வயர் எல்லாம் சேருற பட்டை) எடுக்கிறது. வீடு பற்றரியிலயும் இன்வெர்ட்டரிலயும்தான் தொடர்ந்து ஓடும். மோட்டர் உதையை பற்றரி தாங்கும், ஜெனரேட்டருக்கு ஆடாத அசையாத ஒரே லோட். அதாலதான் இந்த முறையில சின்ன ஜெனரேட்டர் காணும், அழுக்கு அலையும் ஹேர்ட்ஸ் ஆட்டமும் வீட்டுக்குள்ள வராது. லாண்ட்மாஸ்டர் டைனமோவுக்கு இது ஒண்டுதான் வழி.

சார்ஜர் வாங்கேக்க பாக்கிறது ரெண்டு. ஒண்டு பவர் ஃபக்டர் (கிலோவோட்டை கேவிஏயால வகுத்தா வாறது). மலிவுச் சார்ஜரில அது 0.6, 0.7 இல நிக்கும், 1.5 கிலோவோட் எடுக்கிற சார்ஜர் ஜெனரேட்டருக்கு 2.3 கேவிஏ போலத் தெரியும். வோட்டைப் பாத்தா மிச்சம் இருக்கிற மாதிரிக் காட்டும், சுத்துக் கம்பி மட்டும் கொதிக்கும். பிஎஃப்சி (பவர் ஃபக்டரைத் திருத்துற பகுதி) உள்ளது எண்டு எழுதியிருக்கிறதை எடுங்க. ரெண்டாவது வோல்ட். 16 செல் லித்தியத்துக்கு 58.4 வோல்ட் எண்டு போட்டு விக்கிறாங்க, அது செல்லுக்கு 3.65, உச்சி விளிம்பு. 56 க்கு மேல போகத் தேவையில்ல. திருகி இறக்கக்கூடிய சார்ஜரா பாருங்க. கோபுரங்களில கழட்டின டெலிகொம் ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்கிற) மொடியூல் செக்கண்ட்ஹாண்டில வரும். சாமான் நல்லது, பவர் ஃபக்டர் 0.99. ஆனா 50 அம்பியர் மொடியூல் தன்ர கொன்ட்ரோலர் இல்லாம வந்தா அம்பியரைக் குறைக்க ஏலாது, 3 கிலோவோட்டுக்குக் கிட்ட ஒரே இழுவையா இழுக்கும். சார்ஜர் பிளஸ் வயரில, பற்றரிக்குக் கிட்ட, டிசி ஃபியூஸ் ஒண்டு கட்டாயம்.

கடைசியா ஒண்டு: எப்ப ஸ்டார்ட் பண்ணுறது எண்டதை வோல்ட்டை வச்சு முடிவெடுக்காதீங்க. லித்தியம் 30 வீதத்திலயும் 65 வீதத்திலயும் ஒரு வோல்ட்டுக்கும் குறைஞ்ச வித்தியாசம்தான் காட்டும், பிரிட்ஜ் ஓடினா அதுவும் மறைஞ்சிடும். பிஎம்எஸ் (பற்றரிக்குள்ள இருக்கிற கண்காணிப்பு போர்ட்) காட்டுற வீதத்தைப் பாருங்க. வாசிக்கிற ஆக்கள் யாராவது ஈயப் பற்றரிக்காரர் இருந்தா உங்களுக்கு இந்தக் கணக்கு வேற: 200 அம்பியர் மணி டியூபுலர் நாலு தொடரா இருந்தா 20, 25 அம்பியருக்கு மேல ஏத்தக்கூடாது. எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வச்சாலும் பற்றரி வாங்குற அளவுதான் வாங்கும். 80 வீதத்துக்கு மேல அது துளித்துளியாத்தான் குடிக்கும். விடியக்காலம் ஓட்டி 80 இல நிப்பாட்டி, மிச்சத்தை வெயிலுக்கு விடுங்க.

---

பனல்பைத்தியம்

மன்னிக்கோணும், எல்லாரும் ஜெனரேட்டருக்குள்ளயே நிக்கிறீங்க. 3.3 கிலோவோட் பனல் மூடின வானத்திலயும் பத்துத் தொடக்கம் இருவது வீதம் தரும். இன்னும் நாலு பனல் போட்டா பாதி மழைநாளை ஜெனரேட்டர் இல்லாமக் கடத்தலாம். பனலுக்கு பெற்றோலும் வேணாம், பிளக்கும் வேணாம். 2022 இல கானுக்கு எண்ணெய் அடிக்க மாட்டம் எண்டு நிப்பாட்டின காலம் மறந்து போச்சா? வெள்ளம் வந்து மண்டூர்ப் பாதைப் படகு நிண்டா எண்ணெயும் நிக்கும்.

---

செப்புக்கம்பி

பனல் போடுறது நல்லது, ஜெனரேட்டருக்கு மாற்று இல்ல. மப்பு மந்தாரத்துக்கு அது உதவும், மத்தியானமே லைட் போடுற கருமுகில் நாளுக்கு 2.2 கிலோவோட் கூடப் போட்டாலும் கிடைக்கிறது அரை யூனிட், ஒரு யூனிட்தான்.

போடுறதெண்டா இருக்கிற ஆறோட நாலைத் தொடரில கோர்க்காதீங்க. 550 வோட் பனலுக்குத் திறந்த வோல்ட் (லோட் இல்லாம காட்டுறது) 50 க்குக் கிட்ட. பத்துக் கோர்த்தா 500. அந்த வகை இன்வெர்ட்டரில எல்லை 500 அல்லது 450. குளிர்ந்த விடியல் நேரம் அதைத் தாண்டினா எம்பிபிடி (இன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற சோலார் சார்ஜர்) வெடிச்சதுதான், உத்தரவாதமும் போகும். அஞ்சு அஞ்சா ரெண்டு வரிசை, சமாந்தரமா. அப்ப அம்பியர் இரட்டிப்பாகும், 26, 28. உங்கட எம்பிபிடி எத்தனை அம்பியர் தாங்கும் எண்டு கைநூலில பாத்திட்டுத்தான் கை வைக்கோணும்.

---

வாவிக்கரை

வைக்கிற இடத்தைப் பத்தி ஒருத்தரும் சொல்லேல்ல. மழைக்கு நனையும் எண்டு விறாந்தையிலயும் குசினியிலயும் வச்சு ஓட்டுறதுதான் இங்க நடக்கிறது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்ல, நிறமும் இல்ல. ஜன்னல் அடைச்ச மழை இரவில தலையிடி எண்டு படுத்தவர் எழும்பாமலே போகலாம். வீட்டில இருந்து ஆகக்குறைஞ்சது 20 அடி. மாரியில வாடைக்காத்து வடகிழக்கில இருந்து வரும், அதால வீட்டுக்குத் தென்மேற்கு மூலையில வச்சா புகை வீட்டை விட்டு வெளிய போகும். காத்து மாறுற நாளும் வரும், 20 அடியைக் குறைக்காதீங்க. நாலு தூணில தகரக் கூரை, பக்கம் எல்லாம் திறப்பு. அடியில சீமெந்துக் கல்லு, போன வெள்ளத்துக்குத் தண்ணி நிண்ட உயரத்துக்கு மேல. தளம் மட்டமா இருக்கோணும். மணலில சரிஞ்சு நிண்டா எஞ்சின் ஒயில் இருந்தும் ஒயில் சென்சர் எஞ்சினை நிப்பாட்டும், "ஸ்பார்க் வருதில்ல" எண்டு பிளக்கை மாத்திக்கொண்டு திரிவீங்க.

வயர்: 20 மீற்றர் ஓட்டத்துக்கு 2.5 மி.மீ. வயரில 12 அம்பியருக்கு 4.3 வோல்ட் விழும், 4 மி.மீ. எண்டா 2.6. மூண்டு கோர் 4 மி.மீ. ரப்பர் வயர் எடுங்க. 13 அம்பியர்ச் சதுரப் பிளக் மூண்டு மணித்தியாலம் 12 அம்பியர் ஓட்டுறதுக்குச் செய்ததில்ல. லைவ் கால் பக்கம் முதல்ல மங்கல் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, பிறகு ஃபியூஸ் பிடி உருகி சொக்கெட்டோட ஒட்டிக்கொள்ளும். நீலக் கலர் 16 அம்பியர்த் தொழிற்சாலைப் பிளக்கும் சொக்கெட்டும் போடுங்க.

எர்த்: சின்ன ஜெனரேட்டரில நியூட்ரல் மிதந்துகொண்டிருக்கும், சட்டத்தோடயோ மண்ணோடயோ தொடர்பில்ல. அப்ப வீட்டு ட்ரிப் ஸ்விட்ச் சோதனைப் பட்டனுக்கு விழும், ஆளுக்கு அடிக்கேக்க விழாது. ஜெனரேட்டர் பக்கத்தில ஒரே ஒரு இடத்தில நியூட்ரலையும் எர்த்தையும் இணைச்சு, செம்பு பூசின கம்பி ஒண்டை 4, 5 அடி மண்ணுக்குள்ள இறக்கோணும், அதுக்குப் பிறகுதான் ட்ரிப் ஸ்விட்ச். ரெண்டு இடத்தில இணைச்சா சும்மா சும்மா விழும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரெண்டா இணைக்கலாமா எண்டு கைநூலில பாக்கோணும். இந்த வேலையை வயரிங் தெரிஞ்ச ஒருத்தரைக் கொண்டு செய்விங்க.

பெற்றோல்: கானை வீட்டுக்குள்ள வைக்காதீங்க. ரெண்டு மூண்டு மாசத்துக்கு மேல நிண்ட பெற்றோல் காபரேட்டருக்குள்ள பிசினாகும். மாரி முடிஞ்சா ஓட்டிக்கொண்டிருக்கேக்கயே பெற்றோல் குழாயைப் பூட்டி, தானா நிக்கும் வரைக்கும் ஓடவிட்டு, காபரேட்டர்க் கிண்ணத்துக்கு அடியில இருக்கிற திருகாணியைக் கழட்டி மிச்சத்தை வடிச்சுவிடுங்க. வடியிறதைக் கண்ணாடிப் போத்தலில பிடிச்சுப் பாத்தா அடியில தனியா உருளுற குமிழி தெரியும், அது தண்ணி, தாங்கிக்குள்ள வேர்த்து இறங்கினது. கானில மிஞ்சினதை மோட்டார்சைக்கிளுக்கு ஊத்தி முடிச்சிட்டு அடுத்த மாரிக்குப் புதுசு வாங்குங்க.

---

வயலோரம் (வெல்லாவெளி)

எல்லாருக்கும் நன்றி. மீற்றர்முள் அண்ணன் சொன்னது அச்சொட்டா அப்படியே: 01 எஸ்பியூ, 16 சிஎஸ்ஓ. லாண்ட்மாஸ்டர் இருக்கு காக்கா, ஆனா மார்கழியில அது வயலிலதான் நிக்கும். 270 சிசி பெற்றோல் ஒண்டு களுவாஞ்சிக்குடியில பாத்து வச்சிருக்கம், பாவிச்சது. வாங்க முன்னம் கடையில என்ன சோதிக்கிறது?

---

மீற்றர்முள்

2 கிலோவோட் கேத்தில் ஒண்டு, அயன் ஒண்டு, வோல்ட்டும் ஹேர்ட்ஸும் காட்டுற மீற்றர் ஒண்டு கொண்டுபோங்க. எஞ்சின் குளிரா இருக்கேக்க கையால தொட்டுப் பாத்திட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. முன்னமே சூடாக்கி வச்சிருந்தா குளிரில எடுக்கிறதில வில்லங்கம் இருக்கும்.

லோட் இல்லாம 52 ஹேர்ட்ஸ், 230 தொடக்கம் 240 வோல்ட் நிக்கோணும். கேத்திலைப் போடுங்க, அயனையும் போடுங்க. ஒரு செக்கன் முக்கி எழும்பினா சரி. 49.5 க்குக் கீழயும் 220 வோல்ட்டுக்குக் கீழயும் இறங்கி அங்கேயே நிண்டா வேணாம். ஹேர்ட்ஸ் சரியா நிண்டு வோல்ட் மட்டும் விழுந்தா ஏவிஆரோ (வோல்ட்டைச் சீரா வைக்கிற போர்ட்) பிரஷ்ஷோ, அது மலிவு வேலை, விலையில பேசலாம். ரெண்டும் சேர்ந்து விழுந்தா எஞ்சின் களைச்சது. கேத்தில் கொதிச்சா தானா நிண்டுடும், திரும்பத் திரும்பத் தண்ணி மாத்தி 20 நிமிசம் ஓட்டுங்க. அந்த நேரம் புகைக்குழாயைப் பாருங்க: நீலப் புகை தொடர்ந்து வந்தா ரிங் போனது, கறுப்பு எண்டா காபரேட்டரோ காத்து வடிகட்டியோ.

ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாக்கவும் கேளுங்க. மண்ணிறம் நல்லது, ஈரக் கறுப்பு எண்ணெய் எரியுது. வாங்கிக்கொண்டு வந்தாப் பிறகு எஞ்சினுக்குள்ள எந்த ஒயில் கிடக்குது எண்டு பாக்காம சூட்டோட வடிச்சிட்டு 15டபிள்யூ40 ஊத்துங்க, அந்த அளவு எஞ்சினுக்கு 1.1 லீற்றர் போகும், குச்சியில மேல் கோடு வரைக்கும். பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தினாக் காணும், உங்கட ஓட்டத்துக்கு மாரிக்கு ஒருக்கா.

---

டீசல்_காக்கா (அக்கரைப்பற்று)

அயன் கொண்டுபோனா கடைக்காரர் ஒரு மாதிரிப் பாப்பார், பாக்கட்டும். ஸ்டார்ட் பண்ணினா ரெண்டு மூண்டு நிமிசம் லோட் இல்லாம விட்டுத்தான் பிரேக்கரைப் போடோணும். நிப்பாட்டேக்கயும் பிரேக்கரை முதல்ல விழுத்திட்டு ரெண்டு நிமிசம் சும்மா ஓடவிட்டு நிப்பாட்டுங்க.